ஜன்னலைக் காணோம்

அத்தியாயம் பன்னிரண்டு

கோபித்துக்கொண்டு போகிறவர்கள் எதையாவது மறந்துவிட்டுப் போவார்கள். குடையோ, மூக்குக் கண்ணாடியோ, ஏதோ ஒன்று. அதை எடுக்க வருகிற சாக்கில் சமாதானமாகிவிடலாம். நாத்தனார் கடுகு அந்தச் சாக்குக்குக்கூட இடம் வைக்காமல் போய்விட்டாள் என்றுதான் அண்ணி நினைத்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை நடந்தது ஞாபகம் இருக்கும். வீட்டு முன்னறையில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு திரை. காலையில் அண்ணி உட்கார்ந்து வரைவாள், மதியத்துக்கு மேல் நாத்தனார் உட்கார்ந்து வரைவாள். ஊருக்கெல்லாம் வீடு வரைந்து கொடுக்கிற இந்த இரண்டு பேர் ஆபீசுக்கு வயது நாலு. எதைப் பார்த்தாலும் அளந்து பார்க்கிற அண்ணிக்கு நாத்தனார் வைத்த பெயர் ஸ்கேல். வாயைத் திறந்தால் வெடிக்கிற நாத்தனாருக்கு அண்ணி வைத்த பெயர் கடுகு.

டாக்டரம்மா கட்டப்போகிற சின்ன கிளினிக்கின் வரைபடத்தைப் பார்க்க அன்றைக்கு அவரே நேரில் வந்திருந்தார். "வடக்கு ஜன்னலை எடுத்துட்டேன் டாக்டர்..." என்று கடுகு ஆரம்பித்தாள். அண்ணிக்குச் சுருக்கென்றது. தான் ஒரு வாரம் யோசித்து வைத்த ஜன்னல் அது.

"இவ எதையுமே கேட்டுச் செய்ய மாட்டா டாக்டர். நான் சரிபண்ணிடறேன்" என்றாள் அண்ணி, சிரித்த முகத்தோடு.

டாக்டரம்மா போனதும் வெடித்தது. "இனிமே நீங்களே கேட்டு, நீங்களே வரைஞ்சுக்கங்க" என்றாள் கடுகு. "நீ இல்லாட்டாலும் இந்த ஆபீஸ் நடக்கும்" என்றாள் அண்ணி. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை, அதாவது கடுகின் கணவர், வந்து, கடுகு தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த இரண்டாவது திரையை ஒரு போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனார்.

இன்று திங்கட்கிழமை. காலை ஒன்பதரை.

அண்ணிக்கு வேலை என்று பெரிதாக ஒன்றும் பாக்கியில்லை. வரைபடத்தைத் திறக்க வேண்டும், "வம்பு"வை அணைக்க வேண்டும், டாக்டரம்மாவுக்கும் கொத்தனாருக்கும் அனுப்ப வேண்டும்.

வம்பு என்பது இந்த ஆபீசுக்கே உரிய ஏற்பாடு. வரைகிற மென்பொருளில் ஒரே படத்தை அடுக்கடுக்காகப் பிரித்து வைத்துக்கொள்ளலாம். சுவர் ஒரு அடுக்கு, கதவு ஒரு அடுக்கு, தண்ணீர்க் குழாய் ஒரு அடுக்கு. வேண்டாததை அணைத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. காலை ஷிப்டும் மதிய ஷிப்டும் சந்தித்துப் பேச நேரமில்லாததால், இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளத் தனியாக ஓர் அடுக்கு வைத்து, அதற்கு வம்பு என்று பெயரிட்டிருந்தார்கள். 'டாக்டரம்மா மூணாவது தடவையா கைகழுவுற தொட்டியை மாத்தறாங்க. அடுத்தது கூரையில வெக்கச் சொல்வாங்களோ?' என்று கடுகு தட்டி வைத்தது, கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்திலேயே சிவப்பில் நின்றது. இதோடு அனுப்பினால் ஆபீசை இழுத்து மூட வேண்டியதுதான்.

அணைப்பதற்கு, அடுக்குகளின் பட்டியல் இருக்கிற பெட்டி வேண்டும். அதைக் காணோம்.

அண்ணி மேலே இருந்த மெனுவில் போய்ப் பார்த்தாள். அந்தப் பெட்டியின் பெயருக்கு நேராக டிக் இருந்தது. அதாவது, பெட்டி திறந்துதான் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சத்தியம் செய்கிறது. டிக்கை எடுத்தாள், மறுபடி போட்டாள். ஒன்றும் வரவில்லை. மென்பொருளை மூடித் திறந்தாள். கம்ப்யூட்டரையே அணைத்து, நூறு எண்ணிவிட்டு மறுபடி போட்டாள். வரைபடம் வந்தது, வம்பு வந்தது, பெட்டி மட்டும் வரவில்லை. பெட்டியில்லாமல் எதையோ தட்டியும் அடுக்கை அணைக்கலாமாம். நாலு வருஷமாக மவுசால் மட்டுமே வாழ்ந்த அண்ணிக்கு அது எங்கே தெரியும்?

போன் அடித்தது. கணவர். அலுமினிய ஜன்னல் செய்து மாட்டுகிறவர், தெருவில் ஜன்னல்காரர் என்றால்தான் தெரியும். இந்த வீட்டில் ஜன்னல் என்ற சொல் அவருக்குச் சொந்தம். குழப்பம் வரக்கூடாது என்றுதான் கம்ப்யூட்டரில் திறக்கிற விண்டோவை எல்லாம் இந்தப் பெண்கள் இரண்டு பேரும் பெட்டி என்று சொல்வது.

"என்னம்மா, படம் என்னாச்சு? கொத்தனார் ஆளுங்களோட வந்து நிக்கிறார்."

"அனுப்பறேங்க. ஒரு சின்ன வேலை."

"பன்னெண்டு மணிக்குள்ள வரணுமாம். இல்லேன்னா ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு வேற வேலைக்குப் போயிடுவாராம். திரும்பி வர ஒரு மாசமாகும். டாக்டரம்மா முகமே சரியில்ல. இப்படின்னா வேற யார்கிட்டயாவது குடுத்துக்கறேன்னு சொல்றாங்க."

"வந்துடும்னு சொல்லுங்க."

"கடுகுகிட்ட ஒரு வார்த்தை..."

அண்ணி போனை வைத்துவிட்டாள். நீ இல்லாட்டாலும் நடக்கும் என்று சொன்ன வாயால், ஒன்றரை நாளில், ஒரு பெட்டிக்காகக் கூப்பிடுவதா? அதைவிட மென்பொருள் கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிடலாம்.

கூப்பிட்டாள். இருபது நிமிஷம் சங்கீதம் கேட்க வைத்துவிட்டு ஒரு பெண் குரல் வந்தது.

"எந்த விண்டோவைக் காணோம் மேடம்?"

"லேயர் விண்டோம்மா. விண்டோவைக் காணோம். இருக்குன்னு சொல்லுது, ஆனா இல்ல."

"ரீசெட் பண்ணிப் பாருங்க மேடம். ஆனா நீங்க இதுவரைக்கும் மாத்தி வெச்ச செட்டிங்ஸ் எல்லாம் போயிடும்."

"எல்லாம்னா?"

"எல்லாம் மேடம்."

நாலு வருஷமாக இரண்டு பேரும் சேர்ந்து தங்கள் கைக்கு ஏற்ப ஒவ்வொன்றாக மாற்றி வைத்தது. அது போனால், எதை எங்கே தேடுவது என்று அண்ணிக்குத் தெரியாது. போனை வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். மணி பத்தே கால். கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

இத்தனையும் ஹாலில் இருந்த அத்தையின், அதாவது மாமியாரின், காதில் விழுந்துகொண்டிருந்தது. அத்தை தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் இணைப்புக் கொடுத்தவர். காதில் விழுந்ததை விழுந்தபடி அனுப்புவது அவருடைய தொழில் தர்மம். ஒரு சொல் கூட்டமாட்டார், ஒரு சொல் குறைக்கமாட்டார். சனிக்கிழமையிலிருந்து மருமகளும் மகளும் பேசிக்கொள்ளாததில், ஓய்வு பெற்றவருக்கு மறுபடி வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு வீட்டுக்கும் நடுவில் பதினோரு தடவை லைன் கொடுத்திருந்தார்.

இப்போதும் மருமகளைக் கேட்காமல் மகளுக்குப் போன் போட்டார். ஆனால் பாருங்கள், முப்பது வருஷத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்றாத மனுஷி, இன்றைக்கென்று பார்த்து மொழிபெயர்த்துவிட்டார்.

"கடுகு, அம்மா பேசறேன். டாக்டரம்மா படத்துல ஜன்னலைக் காணோமாம். உன் அண்ணி கண்ணு கலங்கி உட்கார்ந்திருக்கா."

 லைன் போய்விட்டதோ என்று அத்தை போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"அம்மா," என்றது கடுகின் குரல், அவளுடையதாகவே இல்லாமல். "படத்தை அனுப்பிட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

"அனுப்ப வேண்டாம்னு சொல்லு. நான் வரேன்."

இரண்டு தெரு தள்ளி இருக்கிற வீட்டிலிருந்து கடுகு ஓடியே வந்திருக்க வேண்டும். தலை சீவவில்லை. கால்களில் ஜோடி சேராத செருப்பு. வாசலில் நின்றபடியே மூச்சு வாங்கினாள். அண்ணி திரும்பிப் பார்த்தாள். யார் முதலில் பேசுவது என்று அண்ணி கணக்குப் போடுவதற்குள் கடுகு பொரிந்து தள்ளிவிட்டாள்.

"அண்ணி, சத்தியமா வேணும்னு செய்யல. ரெண்டு ஜன்னலையும் அணைச்சது நான்தான். திருப்பிப் போடணும்னு நினைச்சேன், அதுக்குள்ள சண்டை வந்துடுச்சு. ரெண்டு நாளா சோறு இறங்கல அண்ணி. சொல்லணும்னு போனை எடுப்பேன், வெச்சுடுவேன்."

"எந்த ஜன்னல்?" என்றாள் அண்ணி.

"டாக்டரம்மாவோட ஜன்னல். ஊசி போட்டுட்டுப் படுக்க வைக்கிற அந்த ரூம் ஜன்னல். அதைத்தானே காணோம்னீங்க?"

"நான் பெட்டியைத்தானே காணோம்னேன்!"

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஹால் பக்கம் திரும்பினார்கள். அத்தை வாசற்படியில் நின்றிருந்தார். "விண்டோன்னா ஜன்னல்தானே?" என்றார், நியாயமாக.

அண்ணி திரையில் அந்த அறையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நாலு பக்கமும் சுவர். ஒரு கதவு. வேறொன்றும் இல்லை. சரிபண்ணிடறேன் என்று டாக்டரம்மாவிடம் சொன்னது சண்டையில் அடியோடு மறந்துபோயிருந்தது. நூறு தடவை பார்த்துப் பழகின அறை என்பதால், ஜன்னல் இருக்கிறது என்றே கண் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. பெட்டி மட்டும் காலையில் தன் இடத்தில் இருந்திருந்தால் ஒன்பதே முக்காலுக்கு வம்பை அணைத்து அனுப்பியிருப்பாள். கொத்தனார் மத்தியானத்துக்குள் சுவரை எழுப்பிக்கொண்டு போயிருப்பார். உடம்பு முடியாதவர்கள் படுக்கிற அறையைக் கிடங்காக்கிக் கொடுத்த புண்ணியம் அவளைச் சேர்ந்திருக்கும்.

"ஏன் ரெண்டையும் அணைச்சே?" என்றாள். கோபமாகக் கேட்கத்தான் நினைத்தாள். குரல் ஒத்துழைக்கவில்லை.

கடுகு தரையைப் பார்த்தாள். "வடக்குல நீங்க வெச்சிருந்தீங்க. எனக்கு மேற்குல வெக்கலாம்னு தோணிச்சு. அதைத் தனி அடுக்குல வரைஞ்சேன். டாக்டரம்மா வந்ததும் ரெண்டையும் அணைச்சுட்டு, வெறும் சுவரைக் காட்டி, 'வடக்கு ஜன்னலை எடுத்துட்டேன் டாக்டர், மேற்கையும் எடுத்துட்டேன், எங்க வெக்கலாம்னு நீங்களும் அண்ணியும் சொல்லுங்க'ன்னு கேட்கத்தான் வாயைத் திறந்தேன்."

பாதி வாக்கியத்தில் வெட்டியது யார் என்பதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கேட்டுச் செய்யமாட்டாள் என்று மூன்றாம் மனுஷி முன்னால் சொன்னோமே, கேட்பதற்காக வாயைத் திறந்தவளையே சொன்னோமே என்று அண்ணிக்கு உறைத்தது. "தப்பு என் பேர்லதான்" என்றாள். அவ்வளவுதான் வந்தது. கடுகுக்கு அது போதும்போல இருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மணி என்ன?"

"பதினொண்ணு ஆகப்போகுது."

"பெட்டி எங்க போச்சு?"

"அதைத்தானே காலையிலேர்ந்து தேடறேன்."

கடுகு மெனுவில் டிக்கைப் பார்த்தாள். அப்புறம் மேசையின் வலது பக்கம் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தாள். அங்கே தூசியில் ஒரு சதுரம் மட்டும் சுத்தமாக இருந்தது.

"அண்ணி, பெட்டி தொலையல. அது என் ஸ்க்ரீன்ல இருந்துது இல்ல? ஸ்க்ரீன் எங்க வீட்டுக்கு வந்துடுச்சு. இந்தக் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. இன்னும் வலது பக்கம் ஒரு ஸ்க்ரீன் இருக்குன்னு நம்பி, பெட்டியை அங்கயே திறந்து வெச்சிருக்கு."

"இல்லாத ஸ்க்ரீன்லயா?"

"ஆமா. இன்னொரு ஸ்க்ரீனை மாட்டினா வந்துடும். இழுத்து இந்தப் பக்கம் போட்டுக்கலாம். நான் ஓடிப்போய் எங்க வீட்டு..." என்றவள் ஏனோ நிறுத்திக்கொண்டாள். "வேணாம். இருங்க."

அவள் பார்வை ஹாலுக்குப் போனது. அத்தையின் டிவியில் யாரோ கணீரென்று செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்.

"அது என் டிவி" என்றார் அத்தை, மகள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே.

"பத்து நிமிஷம்மா."

மேசைக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள் கடுகு. திரையை எடுத்த மாப்பிள்ளை அதன் ஒயரை விட்டுவிட்டுப் போயிருந்தார். ஆக, அந்த வீட்டிலும் மறக்கிற ஆள் ஒருவர் இருக்கத்தான் செய்தார்.

டிவியைத் தூக்குவதற்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஒன்றரை நாள் பேசாதவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தார்கள்.

"உங்க பக்கம் தூக்குங்க அண்ணி."

"தூக்கிட்டுத்தான் இருக்கேன். நீ கதவைப் பாரு, இடிக்கப்போறே."

"எழுபத்தஞ்சு சென்டிமீட்டர் கதவு. தாராளமா போகும்."

"எழுபத்திரெண்டு. நான் அளந்திருக்கேன்."

"எதைத்தான் அளக்கல நீங்க?"

"கீழ போட்டுடாதீங்க" என்று அத்தை பின்னாலேயே வந்தார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்தது. நேர் லைன் கிடைத்துவிட்டது, இனி தன் இணைப்பு தேவையில்லை என்று புரிந்துகொண்ட சிரிப்பு.

ஒயரை மாட்டினார்கள். டிவி ஒரு தடவை கருத்தது. நீலமானது. கடுகு ரிமோட்டில் எதையோ மாற்றினாள். அடுத்த நிமிஷம், காலையிலிருந்து அண்ணியை அழ வைத்த பெட்டி, டிவியின் நட்டநடுவில் வந்து நின்றது.

"வந்துடுச்சு!" என்று அண்ணி கைதட்டியேவிட்டாள். மூத்த மருமகள் என்கிற கௌரவமெல்லாம் அந்தக் கைதட்டலில் பறந்தது.

அத்தை பக்கத்தில் வந்து வாசித்தார். "சுவர்... கதவு... குழாய்... இது என்ன, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல விளக்கு?"

"எரிஞ்சா தெரியும், அணைஞ்சா தெரியாது அத்தை."

"எங்க டெலிபோன் போர்டுலயும் இப்படித்தான் விளக்கு இருக்கும். வடக்கு ஜன்னல், மேற்கு ஜன்னல், ரெண்டும் அணைஞ்சிருக்கு பாரு. வம்பு மட்டும் ஜோரா எரியுது."

கடுகு பெட்டியைப் பிடித்து இழுத்துக் கம்ப்யூட்டர் திரைக்குள் கொண்டுவந்தாள். முதல் காரியமாக வம்பை அணைத்தாள். சிவப்பு எழுத்தெல்லாம் மறைந்து, படம் ஒழுங்கான பிள்ளையாகிவிட்டது. பிறகு மவுசை அண்ணி பக்கம் தள்ளினாள்.

"நீங்க போடுங்க. வடக்கைப் போட்டுடுங்க. உங்க ஜன்னல்தான் சரி. மேற்குல வெயில் அடிக்கும்."

அண்ணி மவுசைத் தொட்டாள். கிளிக் செய்யவில்லை. "மேற்குல ஏன் வெக்கணும்னு தோணிச்சு உனக்கு?"

"படுத்திருக்கிறவங்களுக்கு வடக்குப் பக்கம் எதுவும் தெரியாதுன்னு தோணிச்சு. நான் இடத்தைப் பார்க்கலியே, சும்மா ஒரு ஊகம்."

மணி பதினொன்று இருபத்தைந்து. அண்ணி கணவருக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, ஒரு உதவி. அந்தப் படுக்கை ரூம் வர்ற இடத்துல போய்ப் படுங்க."

"படுக்கணுமா? இங்க எல்லாரும் நிக்கிறாங்கம்மா!"

"கட்டில் போடற இடத்துல. சீக்கிரம்."

சிறிது நேரம் மணல் சரசரத்தது. யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. "படுத்துட்டேன். கொத்தனார் தண்ணி தெளிக்கலாமான்னு கேட்கறார். சொல்லு."

"வடக்குல என்ன தெரியுது?"

"பக்கத்துக் கட்டடத்துச் சுவரு. பாசி பிடிச்சுக் கிடக்கு."

"மேற்குல?"

"மேற்குல... ஒரு ஸ்கூல் மைதானம். பிள்ளைங்க ஓடுதுங்க. ரெண்டு பெரிய மரம் இருக்கு. நல்லாத்தான் இருக்கு. எழுந்துக்கலாமா?"

"எழுந்துக்கங்க" என்றாள் அண்ணி. மேற்கு ஜன்னலின் விளக்கைக் கிளிக் செய்தாள். சுவரில் ஜன்னல் வந்து உட்கார்ந்தது. அதற்கு மேலே வெயில் படாமல் ஒரு சின்ன மறைப்பை வரைந்தாள். அளவு சொன்னது கடுகு. அண்ணி சரிபார்க்கவில்லை. அவளைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்குப் படம் போனது. பன்னிரண்டு அடிப்பதற்குள் டாக்டரம்மாவே கூப்பிட்டுவிட்டார். "மேற்குல வெச்சது ரொம்ப நல்லா இருக்கு. யார் யோசனை?"

"என் நாத்தனாரோடது டாக்டர். சனிக்கிழமை உங்ககிட்ட கேட்க இருந்தா. நான்தான் குறுக்க பேசிட்டேன்."

போனை வைத்ததும் அண்ணி நாற்காலியில் சாய்ந்து நீளமாக மூச்சை விட்டாள். காலையிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சு. அத்தை டீ போடப் போனார். முன்னறையில் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். சும்மா உட்கார்ந்திருப்பது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று அண்ணிக்கு இதுவரை தெரியாது.

"ஸ்க்ரீனை எப்போ கொண்டு வர்றே?" என்றாள். "அத்தை டிவியை ரொம்ப நேரம் வெச்சுக்க முடியாது."

 கடுகு விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோபத்துல எடுத்துட்டுப் போகல அண்ணி. ஞாயித்துக்கிழமை வீட்டுல ஒரு படம் வரைய வேண்டியிருந்தது. பெரிய கம்பெனி ஒண்ணுல ஆள் எடுக்கறாங்க. ஆஸ்பத்திரி, ஸ்கூலெல்லாம் வரையறவங்க. ரெண்டு மாசம் முன்னாடி விளையாட்டா எழுதிப் போட்டேன். பரீட்சைப் படம் கேட்டாங்க. வேற ஒரு ஒயர் தேடி மாட்டி, வரைஞ்சு அனுப்பினேன்."

"அப்புறம்?"

"காலையில அம்மா போன் வர்றதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி கூப்பிட்டாங்க. என்னை எடுத்துக்கறாங்களாம். அடுத்த வாரமே சேரணுமாம்."

அண்ணிக்கு ஒரு பக்கம் பெருமையாக இருந்தது. இன்னொரு பக்கம் அந்த மேசை முழுவதுமே காலியாகிவிட்டது போலிருந்தது.

"நீ என்ன சொன்னே?"

கடுகு நிமிர்ந்து பார்த்தாள். வெடிக்கிற கண்ணில் இப்போது வெடிப்பு இல்லை, பயம்தான் இருந்தது.

"நாளைக்குக் காலையில சொல்றேன்னேன். எங்க அண்ணியைக் கேட்டுட்டுச் சொல்றேன்னேன்."

போகாதே என்று சொல்ல அண்ணியின் நாக்கு துடித்தது. போ என்று சொல்ல மனசு சொல்லிற்று. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, கடுகின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கேட்டுவிட்டாள். இனி பதில் சொல்ல வேண்டியவள் அண்ணி.